கடைசி முழம்

மூணாறுக்கு அப்பால், தேவிகுளம் வட்டத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றின் லயத்தில் ஒரு வீடு. ஒரு முன்னறை, ஓர் அடுக்களை, முன்னால் குறுகிய திண்ணை. தந்தை தோட்டத்தில் மருந்தடிப்பவர். தாய் பகலில் கொழுந்து பறிப்பவர், மாலையில் தையற்காரர். மகள் பாலக்காட்டு மாவட்டத்துச் சித்தூர் அரசுக் கல்லூரியில் தமிழ் முதுகலை முடித்துவிட்டு, வெளியூர்ப் பல்கலைக்கழகம் ஒன்றில் ஆய்வுப் படிப்புக்கு விண்ணப்பித்திருந்தாள். நேர்காணல் இணையவழியில் நடக்கும் என்று கடிதம் வந்தது. அதற்கு ஒன்பது நாள்கள் இருந்தன.

இணையவழி என்றதும் வீட்டில் நிம்மதி பிறந்தது. அந்த லயத்திலிருந்து சித்தூருக்குப் போவதற்கே மறையூர், சின்னாறு வழியாக மலையிறங்கி, உடுமலைப்பேட்டை, பொள்ளாச்சி கடந்து, மறுபடியும் கேரளத்துக்குள் நுழைய வேண்டும். கேரளத்தின் ஒரு தமிழ்ப் பகுதியிலிருந்து இன்னொரு தமிழ்ப் பகுதிக்குத் தமிழ்நாட்டின் வழியே செல்லும் பயணம் அது. 1956 நவம்பர் 1 அன்று மாநில எல்லைகள் வகுக்கப்பட்டபோது தேவிகுளமும் பீர்மேடும் கேரளத்தில் நின்றன, செங்கோட்டை சென்னை மாநிலத்துக்குப் போயிற்று. எல்லைக்கோட்டின் கணக்கு அப்படியென்றால், பேருந்தில் ஒரு நாளைத் தொலைப்பவர்களின் கணக்கு வேறு. வீட்டில் இருந்தபடியே நேர்காணல் என்பது அந்த ஒரு நாளையும் அதற்கான பணத்தையும் மிச்சப்படுத்தும் செய்தி.

முதல் மூன்று மாலைகளிலும் இணையம் அறுந்தது. முழுவதுமாக அறுந்திருந்தால் காரணம் தேடுவது எளிது. அது சில நிமிடங்கள் நன்றாக ஓடும், பிறகு நின்றுபோகும், ஓரிரு நிமிடங்களில் தானாகவே திரும்பும். மூன்றாம் நாள் அவளுடைய பழைய பேராசிரியர் ஒருவர் மாதிரி நேர்காணல் நடத்தினார். ஆய்வுச் சிக்கலைப் பற்றிய கேள்வியை அவர் முடித்த கணத்தில் படம் உறைந்தது. மீண்டும் இணைந்தபோது அவர் மென்மையாகச் சொன்னார்: “விடை தெரியலன்னா தெரியலன்னு சொல்லிடும்மா. அணைச்சிட்டுப் போகக்கூடாது.” அவளுக்கு விடை தெரிந்திருந்தது. அதை இனிச் சொன்னால் சாக்குப்போல் ஒலிக்கும் என்பதும் தெரிந்திருந்தது.

புகார் எண்ணுக்குத் தந்தைதான் அழைத்தார். மலையாளம் பேசுவார், படிக்கத் தெரியாது. “பெட்டியில் எந்த விளக்கு எரிகிறது?” என்று கேட்டார்கள். பச்சையாக நான்கைந்து எரிவதாகச் சொன்னார். மறுமுனையில் கணினியில் பார்த்துவிட்டு, இணைப்பு சரியாக இருக்கிறது, வீட்டில் ஏதாவது இருக்கலாம் என்றார்கள். அதன்பின் லயத்தில் ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். மஞ்சுமூட்டம் என்றார் ஒருவர். எங்கோ யானை கம்பத்தைச் சாய்த்திருக்கும் என்றார் இன்னொருவர். மழைக்கு எல்லாம் இப்படித்தான் என்றார் மூன்றாமவர். இவற்றில் எதுவும் பொய்க் காரணம் இல்லை. மலையில் ஒவ்வொன்றும் நடந்திருக்கிறது. 2020 ஆகஸ்ட் 6 இரவு பெட்டிமுடியில் மண்சரிந்து லயங்களை மூடி 70 பேரைக் கொண்டுபோனபோது, தொலைபேசித் தொடர்பற்ற அந்த இடத்திலிருந்து செய்தி வெளியே வர விடிய வேண்டியிருந்தது. தொடர்பு அறுந்தால் காரணம் வெகு தொலைவில், தங்கள் கைக்கு எட்டாத இடத்தில் இருக்கும் என்று நம்புவதற்கு அந்த மக்களுக்கு அனுபவம் போதுமான அளவு இருக்கிறது.

தந்தை மட்டும் தன்னால் இயன்றதைச் செய்தார். பெட்டியில் செருகியிருந்த வயர் ஆடுவதைக் கண்டு, ஒரு காகிதத்தை மடித்து இடுக்கில் சொருகி வைத்தார். அதன்பின் நான்காம், ஐந்தாம், ஆறாம் நாள்கள் இணையம் ஒருமுறைகூட அறுபடவில்லை. காகிதம் வேலை செய்துவிட்டது என்று எல்லோரும் மகிழ்ந்தனர். ஏழாம் நாள் மாலை ஒரு மணி நேரத்துக்குள் ஆறுமுறை அறுந்தது.

ஆய்வு மாணவி என்பதால் அவளிடம் ஒரு பழக்கம் இருந்தது. ஒரே பாடலின் இரண்டு சுவடிகளில் சொல் மாறியிருந்தால், எது சரி என்று முடிவெடுக்கும் முன் எங்கெங்கே மாறுகிறது என்று முதலில் குறித்துக்கொள்ளச் சொல்லித்தந்திருந்தார்கள். அவள் நேரத்தைக் குறிக்கத் தொடங்கினாள். ஆறாவது குறிப்பை எழுதும்போது அறையில் ஒலித்துக்கொண்டிருந்த சத்தம் காதில் விழுந்தது. தாய் தையல் இயந்திரத்தை மிதித்துக்கொண்டிருந்தார். முதல் மூன்று மாலைகளிலும் அந்தச் சத்தம் இருந்தது. நடுவில் மூன்று நாள்கள் இல்லை.

“ஏம்மா, நடுவுல மூணு நாளு நீ தைக்கவே இல்லையே?”

தாய் துணியிலிருந்து கண்ணெடுக்காமல் சொன்னார்: “நான் மிதிக்கும்போதுதான் நெட்டு போகுது பாப்பா. அதான் நிறுத்தி வெச்சேன். இந்த ரவிக்கை நாளைக்குக் கல்யாணத்துக்கு. குடுத்தே ஆகணும். இத முடிச்சிட்டு, உன் பரீச்சை முடியறவரைக்கும் தொடமாட்டேன்.”

மூன்று நாள்களுக்கு முன்பே அவர் கண்டுபிடித்துவிட்டார். புகார் எண்ணுக்கு எட்டாத, லயத்தின் பெரியவர்கள் ஒருவருக்கும் தோன்றாத உண்மை அவர் காலடியில் இருந்தது. ஆனால் அதிலிருந்து அவர் எடுத்த முடிவு, தன் இயந்திரம்தான் குற்றவாளி என்பது. மகளின் படிப்புக்குத் தன் உழைப்பு இடையூறு என்று எண்ணி, யாரிடமும் சொல்லாமல் மூன்று மாலைக் கூலியை விட்டுக்கொடுத்திருந்தார். பிழை எங்கோ தொலைவில் என்று மற்றவர்கள் நினைத்தார்கள். அவர் பிழை தன்னிடமே என்று நினைத்தார். எளியவர்களுக்கு இந்த இரண்டு விளக்கங்களே எப்போதும் கைவசம் இருக்கின்றன.

உண்மையான பிழை இரண்டுக்கும் நடுவில், சுவரில் அடித்த பலகையின் மேல் இருந்தது. அந்த வீட்டில் இரண்டு பெட்டிகள். வெளியிலிருந்து வரும் கண்ணாடி இழை முதல் பெட்டியில் நுழைகிறது. அது ஒளியை மின்குறிப்பாக மாற்றுகிறது. அங்கிருந்து ஒரு முழ நீளமுள்ள லேன் கேபிள் இரண்டாவது பெட்டியான ரௌட்டருக்குப் போகிறது. ரௌட்டர் வைஃபையாகப் பரப்புகிறது. புகார் நிலையத்தால் முதல் பெட்டி வரை பார்க்க முடியும். அது நன்றாகவே இருந்தது. மகளின் கணினி ரௌட்டரோடு பேசியது. அதனால் வைஃபை அடையாளம் முழுமையாகக் காட்டியது. இருபுறமும் சரி. நடுவில் இருந்த ஒரு முழ வயரை மட்டும் எவரும் பார்க்கவில்லை.

அந்த வயரின் முனையில் இருப்பது கண்ணாடிபோன்ற சிறு பிளாஸ்டிக் கனெக்டர். அமெரிக்கத் தொலைபேசி இணைப்புகளுக்காக 1970-களில் பரவிய அமைப்பிலிருந்து வந்த வடிவம். உள்ளே இரண்டிரண்டாக முறுக்கிய எட்டுச் செம்புக் கம்பிகள் எட்டுப் பொன்முலாம் பூசிய தகடுகளில் முடிகின்றன. ரௌட்டரின் துளைக்குள் எட்டு மெல்லிய வில்கம்பிகள் அந்தத் தகடுகளை அழுத்திக்கொண்டிருக்கின்றன. இவ்வளவையும் இடத்தில் நிறுத்துவது கனெக்டரின் முதுகில் உள்ள ஒரு பிளாஸ்டிக் நாக்கு. செருகும்போது ‘டிக்’ என்று ஒலிப்பது அதுதான். கேபிள்காரர்கள் அதை ‘லாக்’ என்பார்கள். அந்த வீட்டுக் கனெக்டரில் அந்த லாக் ஒடிந்திருந்தது. எப்போது ஒடிந்தது என்று யாருக்கும் தெரியாது. பலகையைத் துடைக்கும்போது வயரைப் பிடித்து இழுத்தாலே போதும்.

லாக் இல்லாத கனெக்டர் செருகியதுபோலவே தோன்றும். தையல் இயந்திரத்தின் மேசை அந்தப் பலகையை ஒட்டியிருந்தது. ஒவ்வொரு மிதிக்கும் பலகை அதிர்ந்தது. கனெக்டர் மயிரிழை நகர்ந்தது. தகடும் வில்கம்பியும் இப்படி ஓயாமல் உராய்ந்தால் பொன்முலாம் தேயும். அடியிலுள்ள உலோகம் மலைக்காற்றின் ஈரத்தில் களிம்பேறும். பிறகு தொடர்பு ஒரு கணம் விட்டு ஒரு கணம் இருக்கும். தொடர்பு விடுவது ஒரு நொடிதான் என்றாலும், ரௌட்டர் மறுபடி உள்நுழைந்து முகவரி பெற்று வர ஓரிரு நிமிடம் ஆகிறது. நேர்காணலில் அந்த இரண்டு நிமிடம் போதும். தந்தை சொருகிய காகிதமும் உதவவில்லை, கெடுதலே செய்தது. அது கனெக்டரை ஒரு பக்கமாகத் தள்ளி, மறுபக்கத்து வில்கம்பிகளின் அழுத்தத்தைக் குறைத்தது.

அன்றிரவு அவள் தாயை மிதிக்கச் சொல்லிவிட்டு விளக்குகளை மட்டும் பார்த்தாள். முதல் பெட்டியில் ‘பான்’ என்ற விளக்கு அசையாமல் பச்சையாக நின்றது. ‘லாஸ்’ என்பது எரியவில்லை. அப்படியானால் கண்ணாடி இழையில் குறையில்லை. ‘லேன்’ விளக்கு மட்டும் மிதிக்கேற்ப அணைந்து எரிந்தது. காகிதத்தை எடுத்துவிட்டு, கனெக்டரை விரலால் நேராக அழுத்திப் பிடித்தாள். தாய் மிதித்தார். விளக்கு அணையவில்லை. விரலை எடுத்தாள். அணைந்தது.

மாற்று வயர் வீட்டிலேயே இருந்தது. ரௌட்டர் வாங்கியபோது பெட்டிக்குள் வந்த கேபிள் அது. கேபிள்காரர் தன் சுருளிலிருந்து ஒரு துண்டு வெட்டிப் போட்டுவிட்டுப் போனதால், புதியது வீணாக வேண்டாம் என்று தாய் அதைப் பிளாஸ்டிக் உறையோடு தகரப்பெட்டியில் சேலைகளுக்கு அடியில் வைத்திருந்தார். இரண்டு பெட்டிகளையும் அணைத்து, பழையதைக் கழற்றி, புதியதைச் செருகினார்கள். இருமுனையிலும் ‘டிக்’ என்றது. வயரில் இழுவை விழாதபடி ஒரு வளையம் தளர்த்தி, ஆணியில் கட்டினாள். தந்தை பலகையை எதிர்ச்சுவருக்கு மாற்றினார். இழையும் அதுவரை எட்டியது. அதை மடிக்காமல் அகன்ற வளைவாகக் கொண்டுபோனார்கள், ஏனென்றால் கண்ணாடி இழை கூர்மையாக மடங்கினால் ஒளி கசிந்து வேறொரு தொல்லை பிறக்கும். பிறகு தாய் பாதியில் நின்ற ரவிக்கையை முடித்தார். அந்த நேரம் முழுவதும் அவள் பேராசிரியரோடு பேசிக்கொண்டிருந்தாள். ஒருமுறையும் அறுபடவில்லை. பழைய வயரின் முனையை மூணாற்றுக் கடை ஒன்றில் வெட்டி, புது கனெக்டர் வைத்து அழுத்தித் தந்தார்கள். அது இப்போது தகரப்பெட்டியில் இருக்கிறது.

இந்தக் கதையில் சட்டங்களுக்கும் இடமுண்டு. 2019 செப்டம்பரில் ஃபஹீமா ஷிரின் வழக்கில் கேரள உயர்நீதிமன்றம், இணையத்தை அணுகும் உரிமை கல்வி உரிமையின் பகுதி என்றது. 2020 ஜூன் 1 அன்று கேரளத்துப் பள்ளி வகுப்புகள் விக்டர்ஸ் தொலைக்காட்சி வழியாகத் தொடங்கின. மலைத்தோட்டத்துப் பிள்ளைகள் கைபேசிக் குறியீடு தேடி மேடேறினர். 2023 ஜூன் 5 அன்று தொடங்கப்பட்ட அரசின் கேஃபோன் கண்ணாடி இழைத் திட்டம் 20 லட்சம் ஏழைக் குடும்பங்களுக்கு இலவச இணைப்பை இலக்காக அறிவித்தது. 1969-ஆம் ஆண்டின் ஆட்சிமொழிச் சட்டம், தமிழ், கன்னடச் சிறுபான்மையினர் அரசோடு தங்கள் மொழியில் கடிதத் தொடர்பு கொள்ள இடம் தந்தது. ஒவ்வொன்றும் பெரிய அடி. ஆயினும் அந்தப் பெட்டியின் மேல் எழுதியிருப்பது ஆங்கில எழுத்து, உடன் வந்த தாள் ஆங்கிலம், புகார் எண்ணில் பேசுவோர் மலையாளம். உரிமை வாசல்வரை வந்துவிட்டது. இழை பல கிலோமீட்டர் மலையேறி வந்துவிட்டது. எந்த விளக்கு எதைச் சொல்கிறது என்ற ஐந்து வரிச் செய்தியை மட்டும் எவரும் அந்தத் தாயின் மொழியில் கொண்டுவந்து தரவில்லை. தந்திருந்தால், மூன்று நாளுக்கு முன்பே தானாகக் கண்டறிந்த அவர், மீதிப் பாதியையும் தானே முடித்திருப்பார்.

நேர்காணல் குறித்த நாளில் நடந்தது. நாற்பது நிமிடம். அடுத்த அறையில் இயந்திரம் ஓடியது. ஓடட்டும் என்று மகள்தான் சொல்லியிருந்தாள்.

அதன்பின் அவள் ஒரு தாளில் தமிழில் எழுதிப் பலகையின் மேல் ஒட்டினாள்: ‘பான் பச்சையாக நின்றால் வெளி லைன் நன்று. லாஸ் சிவப்பாக எரிந்தால் வெளி லைன் பழுது, கேபிள்காரரை அழைக்கவும். லேன் அணைந்தால் வயரின் இரு முனையையும் பார்க்கவும், டிக் என்று சத்தம் வரும்வரை செருகவும். லாக் ஒடிந்திருந்தால் வயரை மாற்றவும், காகிதம் சொருக வேண்டாம். மெல்லிய இழையை இழுக்கவோ மடக்கவோ கூடாது, அதன் முனைக்குள் பார்க்கவும் கூடாது.’

லயத்தின் மற்ற வீடுகளிலிருந்து பிள்ளைகள் நோட்டுப் புத்தகத்தோடு வந்து அதைப் பார்த்து எழுதிக்கொண்டு போனார்கள். மூன்றாம் வீட்டுப் பையன் மறுநாள் திரும்பி வந்து, தங்கள் வயரிலும் லாக் இல்லை, வேறு வயர் இருக்குமா அத்தை என்று கேட்டான். தாய் தகரப்பெட்டியைத் திறந்தார்.