படியிறங்கும் கணக்கு

எங்கள் வீட்டில் சிக்கனம் என்றால் ரூபாயை மிச்சம் பிடிப்பதுதான். இருப்பது சென்னை விருகம்பாக்கம், கோயம்பேடு காய்கறிச் சந்தை பக்கம். ஞாயிற்றுக்கிழமை விடிகாலையில் இரண்டு கட்டைப்பையோடு போனால், தெருக்கடை விலையைவிடக் குறைவாக ஒரு வாரக் காய்கறி வந்துவிடும். கூறு கட்டி வைத்ததைப் புரட்டிப் பார்த்து, பேரம் பேசி, கூட்டத்தில் முண்டி வாங்குவதுதான் குடித்தனக்காரியின் கெட்டிக்காரத்தனம் என்று வளர்ந்தவள் நான். 2020 மார்ச் 24 நள்ளிரவில் கொரோனாவுக்காக நாடு முழுக்க ஊரடங்கு வந்ததும் அந்தக் கெட்டிக்காரத்தனம் செல்லாமல் போயிற்று. வீட்டில் சர்க்கரை வியாதியோடு மாமியார் இருக்கிறார். இனி நான் பார்த்துப் பார்த்துச் செலவழிக்க வேண்டியது ரூபாயை அல்ல, வாசற்படி இறங்குவதை. ஒரு தடவை இறங்காமல் சமாளித்துவிட்டால் அதுதான் அன்றைய வரவு.

இந்தக் கணக்கில் எனக்கு வழிகாட்டியவர் மாமியார்தான். கும்பகோணம் பக்கம் கூட்டுக் குடும்பத்தில் வாழ்க்கைப்பட்டவர். கடைக்கு ஆள் அனுப்ப யோசிக்கும் வீட்டில், உள்ளதை வைத்துப் பத்துப் பேருக்கு இலை போட்டுப் பழகிய கை. காய் வந்த அன்றே முறத்தைப் போட்டு உட்கார்ந்துவிடுவார். "எது நாளைக்கு நிக்காதோ அதை இன்னிக்கு சமைச்சுடும்மா" என்பார். முதல் இரண்டு நாள் கீரை, வெண்டைக்காய், பழுத்த தக்காளி. அதற்குப் பிறகு கத்திரிக்காய், அவரைக்காய், பீன்ஸ். வாரத்தின் நடுவில் கோஸ், கேரட், பீட்ரூட். கடைசி நாட்களுக்குச் சேனை, பூசணி, உருளை. சேனையை வெட்டாமல் மண்ணோடு வைத்திருந்தால் வாரக்கணக்கில் கெடாது. பச்சை மிளகாய்க்குக் காம்பைக் கிள்ளி எடுத்துவிட வேண்டும். கறிவேப்பிலையை உருவி, ஈரம் போக உலர்த்தி, துணியில் சுற்ற வேண்டும். தேங்காய் உடைத்தால் கண் இருக்கும் மூடியை முதலில் துருவ வேண்டும். அதுதான் சீக்கிரம் கெடும். ஃபிரிட்ஜ் இருக்கும் வீட்டில் இதெல்லாம் எதற்கு என்று முன்பு நினைத்திருக்கிறேன். ஃபிரிட்ஜில் போட்டு மறந்து, அழுகியபின் எடுத்துக் கொட்டிய காய் எவ்வளவு என்பது, கொட்ட மனம் வராத அந்த மாதங்களில்தான் உறைத்தது. பீர்க்கங்காய்த் தோல் துவையலாயிற்று. தர்பூசணியின் வெள்ளைப் பகுதி கூட்டாயிற்று. அரிசி கழுவிய இரண்டாம் தண்ணீரில் புளி கரைத்தோம்.

ஊரடங்கு வந்த பருவமும் தோதாக இருந்தது. பங்குனி, சித்திரை வெயில், வடாம் போடும் காலம். வேலைக்குப் போகும் பெண்கள் கைவிட்டுப் பல வருஷமான அந்த வேலை, அந்தக் கோடையில் எங்கள் தெருவின் மொட்டை மாடிகளுக்குத் திரும்பி வந்தது. பழைய வேட்டியை விரித்து ஜவ்வரிசி வடாம், மோர் மிளகாய், கொத்தவரங்காய் வத்தல் என்று காய்ந்தன. மணத்தக்காளி வத்தல் ஒரு டப்பா இருந்தால் காயே இல்லாத நாளையும் ஒரு வத்தக் குழம்போடு கடத்திவிடலாம். கடைக்குப் போவதை இன்னும் ஒரு நாள் தள்ளிப் போடலாம்.

கோயம்பேட்டைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். பழைய சந்தையான கொத்தவால்சாவடியின் நெரிசல் தாங்காமல்தான் 1996-இல் மொத்த வியாபாரத்தை அங்கே மாற்றினார்கள். 295 ஏக்கர். அவ்வளவு பெரிய இடமும் சென்னையின் பசிக்கு முன்னால் நெரிசலாகத்தான் இருந்தது. 2020 ஏப்ரல் 24-ஆம் தேதி ஓர் அறிவிப்பு வந்தது. சென்னை, கோவை, மதுரையில் 26 முதல் 29 வரை மளிகைக் கடைகூடத் திறக்காத முழு ஊரடங்கு. இடையில் கிடைத்தது 25-ஆம் தேதி ஒரே ஒரு நாள். மதியம் 1 மணிக்கு மூடவேண்டிய கடைகளுக்கு அன்று 3 மணி வரை அனுமதி கொடுத்தும், ஊரே கடைத்தெருவில் நின்றது. நாலு நாளைக்கு வெளியே வராமல் இருப்பதற்காக, ஒரே நாளில் எல்லாரும் ஒன்றாக வெளியே வந்தோம். மக்களுக்குப் பொறுப்பில்லை என்று தொலைக்காட்சியில் பேசினார்கள். கைக்குழந்தைக்குப் பால் மாவு வாங்க நின்றவளிடம் என்ன பொறுப்பின்மை? அறிவிப்புக்கும் அமலுக்கும் நடுவே ஒரு நாள்தான் என்றால் கூட்டம் கூடத்தான் செய்யும்.

அந்த மாதக் கடைசியிலேயே கோயம்பேட்டில் தொற்று வெளிப்பட்டது. மே 5-ஆம் தேதி சந்தையை மூடினார்கள். மூட்டை தூக்கியவர்கள் பிழைப்பில்லாமல் ஊர் திரும்ப, அரியலூர், கடலூர், விழுப்புரம் என்று மாவட்டக் கணக்குகள் ஏறின. அவர்களை ஏதோ குற்றவாளிகள் போலப் பேசியதை இன்றும் என்னால் மன்னிக்க முடியவில்லை. நாம் வீட்டுக்குள் இருக்கையில் நமக்குச் சாம்பார் வைக்கக் காய் வந்தது அவர்கள் தோளில்தான். காய்கறி வியாபாரம் திருமழிசைக்குப் போய், செப்டம்பர் 28-இல்தான் கோயம்பேட்டுக்குத் திரும்பியது.

அந்த இடைக்காலத்தில் எங்களுக்குப் படியளந்தது தள்ளுவண்டி. கிலோவுக்கு அஞ்சு, பத்து கூடத்தான். ஆனால் காற்றோட்டமான தெருவில், எங்கள் கேட்டுக்கு வெளியே, ஒருவரிடம் மட்டும் நின்று வாங்குகிறோம். அந்தப் பத்து ரூபாயைக் கூடுதல் விலை என்று எழுதுவதே தப்பு. வண்டிக்காரர் தராசைப் பிடித்த விதத்திலேயே தொழிலுக்குப் புதுசு என்று தெரிந்தது. கேட்டேன். "ஆட்டோதான்மா ஓட்டிட்டிருந்தேன். வண்டியெடுக்க வழியில்ல, டியூ நிக்குது" என்றார். எடை போட்டுவிட்டு, சரியாகப் போட்டோமா என்ற சந்தேகத்தில் ஒரு தக்காளியை மேலே வைப்பார். அவரிடம் பேரம் பேச எனக்கு வாய் வரவில்லை. அப்படி ஒவ்வொரு தெருவிலும் ஓட்டுநரும் பெயின்டரும் கல்யாண சமையல்காரரும் காய் விற்றார்கள்.

வாங்கி வந்தபின் கழுவும் வேலை இருக்கிறதே, அதில்தான் பயம் எங்களைப் பாடாய்ப் படுத்தியது. கிருமி பிளாஸ்டிக்கில் 72 மணி நேரம் வரை, அட்டையில் 24 மணி நேரம் வரை இருக்கலாம் என்று அந்த மார்ச் மாதம் ஓர் அமெரிக்க மருத்துவ இதழில் ஆய்வு வந்திருந்தது. அதுவே வாட்ஸ்அப்பில் ஊதிப் பெருகி, தெரிந்த சில வீடுகளில் கத்திரிக்காய்க்குச் சோப்பு போட ஆரம்பித்தார்கள். சோப்பு உள்ளே போனால் வயிற்றுக்குக் கேடு. காய்க்கு நல்ல தண்ணீரே போதும். பால் பாக்கெட்டை வேண்டுமானால் சோப்பால் கழுவலாம். சானிடைசரைக் கையில் தேய்த்துக்கொண்டு நேராக அடுப்பு பற்றவைக்கப் போகவே கூடாது. அது ஆல்கஹால், குபீரென்று பிடிக்கும். இதை எங்கள் தெருவில் நான் வீடு வீடாக போனில் சொன்னேன். பிற்பாடு விஷயம் தெளிவானது. 2020 ஜூலையில் 239 விஞ்ஞானிகள் சேர்ந்து, நோய் காற்றில் பரவுவதைக் கவனியுங்கள் என்று எழுதினார்கள். 2021 ஏப்ரலில் அமெரிக்க நோய்த் தடுப்பு மையம், பொருளைத் தொடுவதால் தொற்றும் வாய்ப்பு பொதுவாகப் பத்தாயிரத்தில் ஒன்றுக்கும் குறைவு என்றது. பையில் வந்ததைவிட, பையோடு நாம் நின்ற இடம்தான் ஆபத்து. படியிறங்குவதைக் குறைத்த வீடுகள் காரணம் தெரியாமலே சரியான இடத்தில் சிக்கனம் பிடித்திருக்கின்றன.

எங்கள் மளிகைக் கடை அண்ணாச்சி இதை யாரும் சொல்லாமலே புரிந்துகொண்டவர். கடை முன்னால் கயிறு கட்டினார். தரையில் சுண்ணாம்பால் வட்டம் போட்டார். லிஸ்டை வாட்ஸ்அப்பில் அனுப்பினால் கட்டி வைத்துவிட்டு போன் செய்வார். ஸ்டூல் மேல் இருக்கும் கூடையிலிருந்து எடுத்துக்கொண்டு வந்துவிடலாம். ஒரு நாள் நான் துவரம் பருப்பு மூன்று கிலோ என்று எழுதியிருந்தேன். பையில் ஒரு கிலோதான் இருந்தது. கேட்டதற்கு, "எல்லாருக்கும் வேணும்லா அக்கா. லாரி வரட்டும், நானே கூப்பிட்டுத் தாரேன்" என்றார். நாலாம் நாள் கூப்பிட்டும் விட்டார். இருந்ததை முந்தி வந்தவர்களுக்கு விற்றுத் தீர்த்திருந்தாலும் அவருக்கு லாபம் குறைந்திருக்காது. ஆனாலும் பங்கு போட்டுத் தந்தார்.

நான் இதுவரை சொன்ன சிக்கனமெல்லாம் மாதச் சம்பளம் வருகிற வீட்டின் சிக்கனம். ஒரு வாரச் சாமானை ஒரே நாளில் வாங்கி வைக்கக் கையில் காசு வேண்டும், வைக்க இடம் வேண்டும். அண்ணாச்சி கடையில் பத்து ரூபாய்க்கு எண்ணெய், கால் கிலோ பருப்பு, ஒரு முட்டை என்று தினமும் வாங்குகிறவர்களுக்கு "வாரம் ஒருமுறை போனால் போதும்" என்ற அறிவுரையால் என்ன பயன்? அன்றாடக் கூலி நின்றவர்கள் அன்றாடம் கடைக்கு வந்துதான் ஆக வேண்டும். வீட்டு வேலைக்கு வருபவரை வரவேண்டாம் என்று சொல்லிவிட்டுச் சம்பளத்தையும் நிறுத்தி, அதைச் செலவுக் குறைப்பு என்று சொன்ன வீடுகளை எனக்குத் தெரியும். அது சிக்கனம் இல்லை, அடுத்தவர் சோற்றைப் பிடுங்குவது.

கூலி நின்றவர்களுக்கு உருப்படியாக உதவியது ரேஷன் கடை. அந்த ஏப்ரலில் அரிசி அட்டைக்கு 1000 ரூபாயும், விலையில்லாமல் அரிசி, பருப்பு, சர்க்கரை, எண்ணெயும் கொடுத்தார்கள். எந்த நாள், எத்தனை மணிக்கு வரவேண்டும் என்று எழுதிய டோக்கனை வீட்டுக்கே கொண்டுவந்து தந்தார்கள். ஊரடங்குக் காலத்தில் நான் பார்த்த ஏற்பாடுகளில் மிகச் சிறந்தது அந்தத் துண்டுச் சீட்டுதான். ஏப்ரல் 25-இன் கூட்டத்தை அப்படி ஒரு சீட்டால் தவிர்த்திருக்கலாம்.

2021 மே 24-இல் மறுபடியும் தளர்வில்லாத ஊரடங்கு வந்தது. அதற்கு முந்தைய இரண்டு நாளும் அதே கூட்டம். ஆனால் இந்தத் தடவை தோட்டக்கலைத் துறை வண்டிகள் காய்கறியோடு தெருத் தெருவாக வந்தன. ஒரு வாரம் கழித்து மளிகையையும் வண்டியில் கொண்டுபோய் விற்க, போனில் கேட்டால் வீட்டில் கொடுக்க அனுமதித்தார்கள். ஜனங்கள் பொருளைத் தேடிப் போவதற்குப் பதில் பொருள் ஜனங்களைத் தேடி வந்தது. முதல் நாளிலிருந்தே அப்படித்தான் நடந்திருக்க வேண்டும். அண்ணாச்சியும் ஒரு டிவிஎஸ் வண்டியில் மூட்டையை வைத்துக்கொண்டு கிளம்பினார். சட்டைப் பையில் கடன் நோட்டு இருந்தது; முதல் ஊரடங்கில் பருப்பும் எண்ணெயும் கடனாகக் கொடுத்த கணக்குகள் பாதிகூட அதில் தீர்ந்திருக்கவில்லை. அந்தப் பெயர்களுக்குக் கீழேயே புதுக் கணக்கை எழுதிக்கொண்டு போனார்.