முதலில் உயரம்

மாடல் ரயில் பிரியர்கள் இன்ஜினின் நிறத்தையும் எண்ணையும் பற்றி மணிக்கணக்கில் பேசுவார்கள். பெட்டிகளை இணைக்கும் கப்ளர் என்றால் மட்டும் "வாங்கி மாட்டினால் ஆச்சு" என்று முடித்துவிடுவார்கள். அப்படி ஆகிவிடுவதில்லை. இன்ஜின் அழகாக ஓடுவது வேறு, வேலை செய்வது வேறு. பெட்டிகளைப் பிடிக்க வேண்டும், இழுக்க வேண்டும், பின்னோக்கித் தள்ள வேண்டும், சொன்ன இடத்தில் விட்டுவர வேண்டும். அத்தனைக்கும் முனையிலுள்ள அந்தச் சிறு உலோகத் துண்டுதான் பொறுப்பு.

என் வேலை அமெரிக்க எச்ஓ மாடல்களில். 87-இல் ஒரு பங்கு அளவு. பழைய இன்ஜின்களில் கொம்பு முளைத்த பிளாஸ்டிக் கொக்கி ஒன்று இருக்கும். நிஜ ரயிலில் அப்படி எதுவும் கிடையாது. அங்கே இருப்பது 1873-இல் ஈலை ஜானி காப்புரிமை பெற்ற, விரல்களைப் போல் மடங்கிப் பூட்டிக்கொள்ளும் கப்ளரின் வழிவந்தது. அதற்கு முன்பு பெட்டிகளுக்கு நடுவே நின்று ஆணி செருகியே இணைத்தார்கள். விரலை இழந்த தொழிலாளர்கள் ஏராளம். 1893-இல் அமெரிக்கா சட்டம் போட்டுத் தானியங்கி கப்ளரைக் கட்டாயமாக்கியது. நம் ஊர் எல்எச்பி பெட்டிகளின் நடுவில் தெரிவதும் இதே குடும்பம்தான். அந்த வடிவத்தைச் சிறிதாக்கி, தண்டவாள நடுவில் பதித்த காந்தத்தால் திறக்கும்படி செய்தவர்கள் கீத், டேல் எட்வர்ட்ஸ் சகோதரர்கள். அவர்களுடைய கேடீ நிறுவனத்தின் 5-ஆம் எண் கப்ளரைத்தான் நான் பெரும்பாலும் பொருத்துகிறேன்.

எதற்கும் முன்னால் உயரம். தண்டவாளத்தின் மேல்முகத்திலிருந்து கப்ளரின் நடு வரை 25/64 அங்குலம், ஏறத்தாழ 10 மி.மீ. இதைப் பார்க்கத் தனி அளவி கிடைக்கிறது. அதைத் தண்டவாளத்தில் வைத்து இன்ஜினை எதிரே கொண்டுவந்தால் போதும். கப்ளர் அரை மில்லிமீட்டர் தாழ்ந்திருந்தாலும் சமதளத்தில் தெரியாது. ஏற்றம் தொடங்கும் இடத்தில் ஒன்றிலிருந்து மற்றொன்று நழுவி, ரயில் இரண்டாகும். பலர் தாழ்ந்த இன்ஜினுக்கு ஏற்ப முதல் வேகனையும் தாழ்த்திவிடுகிறார்கள். அப்புறம் அந்த வேகன் வேறு எதனோடும் சேராது. இன்ஜினை அளவிக்குச் சரிசெய்யுங்கள், வேகன்களையும் அதே அளவிக்கு. கப்ளர் பெட்டி உயரமாக நின்றால் அதற்கும் அடிச்சட்டத்துக்கும் நடுவே வாஷர் வைக்கலாம். தாழ்ந்திருந்தால் அமரும் பரப்பை அரத்தால் தேய்க்கலாம். தண்டு மேலாகவோ கீழாகவோ விலகிய கப்ளர்களும் உண்டு. காந்தம் இழுப்பதற்காகக் கப்ளரின் கீழே தொங்கும் இரும்புக் கம்பியை வளைப்பது கடைசி வேலை. அது தண்டவாள மட்டத்துக்கு 1/32 அங்குலம் மேலே நிற்க வேண்டும். தாழ்ந்தால் கிளைப்பாதையில் இடறும்.

கப்ளர் பெட்டியை அடிச்சட்டத்தில் திருகித்தான் நிறுத்துவேன். சக்கரங்களைத் தாங்கும் போகியோடு சேர்ந்து திரும்பும் கப்ளர் வளைவில் வசதியாகத் தெரியும். ஆனால் நீண்ட ரயிலைப் பின்னுக்குத் தள்ளும்போது விசை போகியைத் திருகி, சக்கரத்தைத் தண்டவாளத்தை விட்டு ஏற்றிவிடும்.

துளை போடும் முன் மோட்டாரையும் கியரையும் கழற்றி வையுங்கள். அடிச்சட்டம் துத்தநாகக் கலவை. அதன் தூளைக் காந்தம் இழுக்காது, கியருக்குள் போனால் பொறுக்கி எடுப்பதும் கஷ்டம். 2-56 மரைக்கு 1.8 மி.மீ. பிட் சரி. மரை வெட்டும் டாப்பை அரைச் சுற்று முன்னே, கால் சுற்று பின்னே என்று பொறுமையாகத் திருப்ப வேண்டும். கப்ளர் பெட்டிக்குள் கிராஃபைட் தூள் ஒரு சிட்டிகை போதும். எண்ணெய் வேண்டவே வேண்டாம், தூசியைப் பிடித்துக்கொள்ளும்.

அடிச்சட்டமே மின்னோட்டப் பாதையாக உள்ள பழைய இன்ஜின்களில் இன்னொரு வில்லங்கம் உண்டு. உலோகக் கப்ளர் சட்டத்தைத் தொட்டபடி இரண்டு இன்ஜின்களை முதுகோடு முதுகு இணைத்தால், கப்ளர் வழியாகவே ஷார்ட் சர்க்யூட் ஆகும். ஒன்றிலாவது பிளாஸ்டிக் கப்ளர் போடுங்கள்.

5-ஆம் எண்ணின் தலை அளவுக்கு மீறிப் பெரிது என்று கண்டிப்பானவர்கள் சொல்வது உண்மைதான். 58-ஆம் எண் நிஜ அளவுக்கு நெருக்கமானது, 5-ஓடும் சேரும். ஆனால் உயரத்தில் பிசகைக் குறைவாகவே பொறுக்கும். அதனால் படம் எடுக்கும் இன்ஜினின் முன்முனைக்கு 58 போடுகிறேன், ரயிலை இழுக்கும் பின்முனைக்கு 5.