ஆப்பின் தடித்த முனை

விசில் ஊதுகிறார்கள். ஊதியதும் வீட்டுக்கு அடியில் நூற்றுக்கும் மேற்பட்ட ஜாக்கிகள் ஒரே நேரத்தில் கால் சுற்றுத் திரும்புகின்றன. பிறகு அமைதி. மறுபடி விசில். எதிர்வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து, தான் மருமகளாக வந்து ஏறிய வீடு நூல் நூலாக உயர்வதை அம்மா பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

மாயவரத்துக்குப் பக்கத்தில் எங்கள் தெரு. தாத்தா கட்டியபோது வீடு தெருவைவிட இரண்டு படி உயரத்தில் இருந்தது. பழைய சாலையைச் சுரண்டாமல் அதன்மேலேயே புதுச் சாலை போட்டுப் போட்டு, கடைசியில் தெரு உயர்ந்து வீடு பள்ளமாகிவிட்டது. ஐப்பசி மழைக்குத் தண்ணீர் கூடத்துக்கே வந்தது. அதனால்தான் இந்த ஜாக்கிகள். வேலைக்கு வந்தவர்கள் ஹரியானாக்காரர்களும் பீகார்க்காரர்களும். நான் இந்தியில் பேசியதும் மேஸ்திரி ஆச்சரியமாகப் பார்த்து, எங்கே கற்றீர்கள் என்று கேட்டார்.

"ஷார்ஜாவில். ஒரு கராஜில்."

சொன்னதுமே அந்தக் கராஜின் வாசனை வந்துவிட்டது. சூடான கியர் எண்ணெய், மணல், பெரிய டம்ளரில் சுலைமானி டீ.

2006. ஷார்ஜா இண்டஸ்ட்ரியல் ஏரியாவில் வரிசையாகத் தகரக் கூரைகள். எங்கள் கூரைக்குக் கீழே நான்கு மொழி. எனக்கு வேலை சொல்லிக்கொடுத்தவர் பெஷாவர்க்காரர். எல்லோருக்கும் அவர் உஸ்தாத். முதல் நாளே பிக்கப் ஒன்றின் பின்பக்கம் தட்டிக் காட்டி, "கமானியைக் கழற்று" என்றார். நான் விழித்தேன். அவர் அடுக்கடுக்கான இரும்புப் பட்டைகளைத் தொட்டுக் காட்டினார். எங்கள் ஊர் லாரி ஷெட்டுகளில் பட்டா என்போமே, அது.

கமான் என்றால் பாரசீகத்தில் வில். இரவு படுக்கையில் அதை யோசித்துக்கொண்டிருந்தபோதுதான் தாத்தாவின் வில் வண்டி ஞாபகம் வந்தது. சாதாரணக் கட்டை வண்டிக்கும் வில் வண்டிக்கும் இருந்த வித்தியாசமே அச்சுக்கு மேலே வளைந்து நின்ற அந்த இரும்பு வில்தான். கல்யாணத்துக்கும் பிரசவத்துக்கும் மட்டும் பூட்டப்படும் வண்டி. பெஷாவரிலும் மாயவரத்திலும் மனிதர்கள் அதே வளைந்த இரும்பைப் பார்த்து அதே பெயரை வைத்திருக்கிறார்கள். தனியாகக் கிடந்த எனக்கு அந்த இரவு அது பெரிய ஆறுதல்.

உயர்த்திய பிக்கப் என்றால் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது ஒரு வெள்ளை ஹைலக்ஸ். அல் மதாம் பக்கம் ஒட்டகப் பண்ணை வைத்திருந்த ஒரு எமிராத்திப் பெரியவருடையது. தீவனக் கட்டுகளை ஏற்றிக்கொண்டு மணலில் போகிறவர், வண்டியின் வயிறு மணலில் உரசுகிறது, நான்கு அங்குலம் தூக்கிக் கொடுங்கள் என்றார். முன்பக்கத்துக்குச் சுருள் ஸ்பிரிங், பின்பக்கத்துக்கு வளைவு அதிகமான புதுப் பட்டா. இரண்டு நாளில் முடித்தோம். வண்டி நெஞ்சை நிமிர்த்தி நின்றது. பெரியவர் சந்தோஷமாக எடுத்துப் போனார்.

மூன்றாம் நாள் திரும்பி வந்தார். கோபமில்லை. வண்டியை நிறுத்திவிட்டு, கையை நீட்டி விரல்களை நடுங்கவைத்துக் காட்டினார். எண்பதில் போனால் வண்டி அப்படி நடுங்குகிறது என்று அர்த்தம்.

உஸ்தாத் ஒன்றும் பேசாமல் ஒரு கண்ணாடி டம்ளரில் பாதி தண்ணீர் ஊற்றி டாஷ்போர்டில் வைத்தார். என்னை ஓட்டச் சொன்னார். நாற்பதில் தண்ணீர் சும்மா இருந்தது. எழுபதைத் தாண்டியதும் அதன் முகத்தில் மெல்லிய வட்டங்கள். எண்பதில் தண்ணீரின் மேற்பரப்பு முழுக்கப் பொடிப்பொடியாகக் கொதிப்பதுபோல் துள்ளியது. சக்கரத்தின் கோளாறாக இருந்தால் நடுக்கம் இவ்வளவு நுணுக்கமாக இருக்காது, மெதுவாகத் தூக்கிப் போடும் என்றார். "இது ஷாஃப்ட். ஒரு சுற்றுக்கு இரண்டு தடவை உதறுகிறது."

பின்னால் கணக்குப் போட்டுப் பார்த்திருக்கிறேன். அந்த அளவு டயர், எண்பது கிலோமீட்டர் வேகத்தில் விநாடிக்கு ஒன்பது சுற்றுச் சுற்றும். பின் அச்சின் பல்சக்கர விகிதம் ஏறக்குறைய நான்குக்கு ஒன்று என்று வைத்தால் ஷாஃப்ட் முப்பத்தாறு சுற்று. சுற்றுக்கு இரண்டு உதறல் என்றால் விநாடிக்கு எழுபத்திரண்டு. உஸ்தாத் கணக்குப் போடவில்லை. தண்ணீரைப் பார்த்தார்.

ஏன் இரண்டு தடவை? கியர்பாக்ஸிலிருந்து பின் அச்சுக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் ஷாஃப்டின் முனைகளில் கிராஸ் இருக்கிறது. சிலுவை வடிவ இரும்பு, நான்கு கைகளிலும் ஊசி பேரிங். பதினாறாம் நூற்றாண்டு இத்தாலியர் ஜிரோலமோ கார்டானோவின் பெயரால் உலகின் பல மொழிகள் அதைக் கார்டான் என்கின்றன. கிளாரன்ஸ் ஸ்பைசர் என்ற அமெரிக்கர் அதை மோட்டார் வண்டிக்கு ஏற்றபடி செய்து 1903-இல் காப்புரிமை வாங்கினார். இந்தக் கிராஸுக்கு ஒரு குணம் உண்டு. நேராக இருந்தால் வாங்கிய வேகத்தை அப்படியே கொடுக்கும். கோணமாக மடங்கினால், ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு முறை முந்தி இரண்டு முறை பிந்தும். பத்து டிகிரி மடக்கத்தில் அந்த ஏற்ற இறக்கம் நூற்றுக்கு ஒன்றரைப் பங்கு. இருபது டிகிரியில் ஆறு பங்கு.

இதற்கு மருந்து இன்னொரு கிராஸ்தான். முதல் கிராஸ் எவ்வளவு மடங்குகிறதோ அதே அளவு அடுத்ததும் மடங்கினால், இது முந்துகிற இடத்தில் அது பிந்தும். இரண்டு தவறும் ஒன்றையொன்று தின்றுவிடும். அதற்கு ஷாஃப்டுக்கு முன்னால் சுழலும் தண்டும், பின்னால் பின் அச்சுக்குள் போகும் பினியன் தண்டும் ஒன்றுக்கொன்று இணையாக நிற்க வேண்டும். வண்டியைத் தூக்கும்போது கெடுவது இதுதான். பட்டா வண்டியில் பாரம் தாங்குவதும், பின் அச்சைப் பிடித்து நிறுத்துவதும் அந்த ஒரே வில்தான். வில்லின் வளைவை மாற்றினால் அச்சு நிற்கிற சாய்வும் மாறிவிடுகிறது. பினியனின் மூக்கு தாழ்ந்தோ நிமிர்ந்தோ போகிறது.

நான் வண்டியை லிஃப்டில் ஏற்றப் போனேன். உஸ்தாத் கையைப் பிடித்தார். "காலில் நிற்கட்டும் பேட்டா. தொங்குகிற காலில் அளவெடுக்கக் கூடாது." சமதரையில், தன் கனத்தைத் தானே தாங்கிக்கொண்டு நிற்கிற வண்டியில்தான் கோணம் பார்க்க வேண்டும். தினமும் சுமக்கிற தீவனத்தின் எடைக்குப் பின்னால் மணல் மூட்டைகளை வைத்தோம். பிறகு அட்டையை விரித்து அடியில் படுத்து, காந்தம் வைத்த கோணமானியை ஒட்டினேன்.

அந்த வண்டிக்கு ஷாஃப்ட் இரண்டு துண்டு, நடுவில் சென்டர் பேரிங். பின் துண்டு அதிகச் சரிவாக இறங்கியதால் நடுக் கிராஸ் ரொம்பவும் மடங்கியிருந்தது. சென்டர் பேரிங்குக்கும் சேஸிக்கும் இடையில் கட்டை கொடுத்து அதைக் கொஞ்சம் தாழ்த்தினோம். அதன்பின் அளந்தால், முன் துண்டின் சாய்வு நான்கு டிகிரி. பினியன் நிமிர்ந்திருந்தது இரண்டு டிகிரி. முன் துண்டுக்கு இணையாக நிற்க இன்னும் இரண்டு டிகிரி குறைகிறது. அச்சுக்கும் பட்டாவுக்கும் நடுவே இரண்டு டிகிரி ஆப்பு வைக்க வேண்டும்.

இரும்பில் கடைந்த ஆப்பு, உள்ளங்கை அகலம். ஒரு முனை தடிப்பு, மறுமுனை மெலிவு. உஸ்தாத் மதியத் தொழுகைக்குப் போயிருந்தார். அச்சைப் பட்டாவோடு பிடிக்கும் யு போல்ட்டுகளைக் கழற்றி, அச்சை ஜாக்கியில் தாங்கி, இரண்டு பக்கமும் ஆப்பைச் சொருகி நானே முடுக்கினேன். மூக்கு நிமிர வேண்டும், அதனால் தடித்த முனை முன்னால் என்று எனக்குத் தோன்றியது. பினியன் இருக்கும் பக்கம்தானே முன்பக்கம்.

வண்டியை எடுத்தபோது கியர் மாற்றும் இடத்திலேயே உதறியது. டம்ளரில் இருந்த தண்ணீர் என் மடியில் சிந்தியது.

உஸ்தாத் திட்டவில்லை. அடியில் வந்து என் பக்கத்தில் படுத்தார். வலது கையைப் பட்டாவாக மேலே விரித்தார், இடது கையை அச்சாகக் கீழே விரித்தார். "பட்டா அசையாது. அச்சுதான் அசையும். முன்னால் தடிப்பை வைத்தால் அச்சின் முன்பக்கம் கீழே போகிறது. மூக்கு கவிழ்கிறது." இடது கை முன்னால் கவிழ்ந்தது. "தடிப்பு பின்னால் போக வேண்டும். பின்பக்கத்தைக் கீழே தள்ளினால்தான் முன்னால் இருப்பது நிமிரும்." கோணமானி பூஜ்யம் காட்டியது. இரண்டாக இருந்த குறையை நான் நான்காக்கியிருந்தேன்.

அவர் கையைப் பார்த்துக்கொண்டிருந்த எனக்கு ஆசாரியின் கை தெரிந்தது. எனக்கு எட்டு வயதிருக்கும். தாத்தா வில் வண்டிக்குப் பெரிய சக்கரம் மாற்றினார். வண்டி உயர்ந்தது, மாடு உயரவில்லை. பின்பக்கம் தூக்கி, ஏர்க்கால் முன்னால் சரிந்து, முன்பாரமாகி, நுகத்தடி மாட்டின் கழுத்தில் அழுந்தியது. தாத்தாவுக்கு மாட்டைப் பூட்டவே மனசு வரவில்லை. ஆசாரி வந்து, ஏர்க்காலுக்கும் அச்சுக்கட்டைக்கும் இடையில் இலுப்பை மர ஆப்பு ஒன்றை வைத்துத் தட்டினார். தட்டுவதும், தள்ளி நின்று ஒற்றைக் கண்ணை மூடிப் பார்ப்பதும். கடைசியில் நுகத்தடியை ஒரு விரலால் தூக்கிக் காட்டினார். அது மிதந்தது. நம் பேச்சில் ஆப்பு வைப்பது என்றால் ஒருவரைக் கெடுப்பது. தச்சனிடமும் மெக்கானிக்கிடமும் அந்தச் சொல் சுத்தமாக இருக்கிறது. அங்கே ஆப்பு என்பது, ஒன்றை உயர்த்தியதால் இன்னொன்றுக்கு வந்த வலியை எடுப்பது.

புது யு போல்ட் வரவழைத்தோம். ஒருமுறை இழுபட்ட யு போல்ட்டை உஸ்தாத் மறுபடி போட விடமாட்டார். சென்டர் போல்ட்டும் ஆப்பின் தடிமனுக்கு ஏற்ற நீளத்தில் புதிது. தடித்த முனையைப் பின்னால் வைத்து, வண்டியைத் தரையில் நிறுத்தி, ஒவ்வொரு பக்கத்திலும் நான்கு நட்டுகளையும் மாற்றி மாற்றிக் கொஞ்சம் கொஞ்சமாக முடுக்கினேன்.

அதோடு விடவில்லை அவர். பின் அச்சிலிருந்து சேஸிக்குப் போகும் ஒரு மெல்லிய கம்பியைக் காட்டினார். பாரம் ஏறினால் சேஸி தாழும், கம்பி நகரும், அதன் முனையில் உள்ள வால்வு பின் சக்கரங்களுக்குப் பிரேக்கைக் கூட்டும். வண்டி காலியாக நிமிர்ந்தால் குறைக்கும். நாம் தூக்கிவிட்டோம், வால்வுக்கு அது தெரியாது. முழுச் சுமை ஏறினாலும் வண்டி காலி என்றே நினைத்துக்கொண்டிருக்கும். "தீவனம் ஏற்றிக்கொண்டு இறக்கத்தில் வருவாரே அந்தப் பெரியவர்," என்றார். கம்பி பிடிக்கும் பிராக்கெட்டை நான்கு அங்குலம் உயர்த்தினோம். பிரேக் குழாய் இழுபடாத அளவுக்கு நீளமானதாக மாற்றினோம். தூக்குவதற்கு இரண்டு நாள் ஆனது. தூக்கியதைச் சரிசெய்ய நான்கு நாள்.

ஐந்தாம் நாள் காலை அல் தைத் சாலையில் ஓட்டிப் பார்த்தோம். எண்பது. நூறு. டம்ளரில் தண்ணீர் கண்ணாடிபோல் நின்றது. உஸ்தாத் அந்தத் தண்ணீரைக் குடித்துவிட்டு டம்ளரைத் துடைத்து வைத்தார்.

விசில் நின்றுவிட்டது. பதினெட்டு நாளில் வீடு தெருவைவிட மூன்றடி மேலே வந்து, கீழே புதுச் சுவர் எழும்பி, ஜாக்கிகள் லாரியில் ஏறின. தெருவில் எல்லோரும் வந்து பார்த்தார்கள். கழிவுக் குழாயின் வாட்டம், கிணற்று மோட்டாரின் குழாய் என்று ஒவ்வொன்றாகக் கொத்தனாரோடு சரிபார்த்தேன். எல்லாம் சரி என்று நினைத்தேன்.

மறுநாள் விடியற்காலை பால் வாங்க அம்மா இறங்கினாள். மூன்றடிக்குக் கொத்தனார் நான்கு படி கட்டியிருந்தார், ஒவ்வொன்றும் ஒன்பது அங்குலம். திரும்பி ஏறும்போது அவள் ஒரு கையை முழங்காலில் ஊன்றினாள். இரண்டாம் படியில் நின்றாள். சொம்பிலிருந்து பால் அலம்பி அவள் புறங்கையில் வழிந்தது. துடைத்துக்கொண்டு, யாரும் பார்க்கவில்லை என்று நினைத்து, அடுத்த படியில் ஏறினாள்.

அன்றைக்கே படியை இடிக்கச் சொன்னேன். "புதுப் படிண்ணே, இன்னும் ஈரங்கூடக் காயலயே," என்று கொத்தனார் தயங்கினார். அம்மாவும், "எதுக்குப்பா காச விரயம் பண்ற, பழகிப்பேன்," என்றாள். பழகிக்கொள்ளத்தான் செய்வாள். அந்த மாடும் பழகிக்கொண்டிருக்கும். ஆறு அங்குலத்தில் ஆறு படி, தெருவை மறிக்காமல் பக்கவாட்டில் திருப்பி, அவள் கை எட்டும் உயரத்தில் ஒரு கைப்பிடிக் குழாய். நான் கூடவே நின்று கட்டவைத்தேன்.

ஒரு வாரம் கழித்து, சாம்பல் வெளிச்சத்தில் அவள் ஏறி வருவதை உள்ளேயிருந்து பார்த்தேன். ஒரு கை குழாயில். மறு கையில் நிறைந்த சொம்பு. நான் அவள் முகத்தைப் பார்க்கவில்லை, சொம்பைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். ஆறு படியிலும் பால் அசையவில்லை.