போர் நடந்த ஊரில் போத்து நடுறாங்க!

காஞ்சிபுரம்னா பட்டு, இட்லி, கோயில்... இந்த மூணோட யூ-டர்ன் அடிக்கிற ஆளா நீங்க? அடுத்த தடவை பைக்கில் பெட்ரோல் மிச்சம் இருந்தா, புள்ளலூர் வரைக்கும் ஒரு ரவுண்டு போயிட்டு வாங்க பாஸ். வயல், வேலி, தெருவோரம் கட்டிப்போட்ட ஆடு... பார்க்க சாதாரண கிராமம்தான். ஆனா, ஹிஸ்டரி புக்கில் மூணு போருக்கு இடம் கொடுத்த ஊர் இது!

7-ம் நூற்றாண்டில் பல்லவ மன்னன் முதலாம் மகேந்திரவர்மன் தன் எதிரிகளை இங்கே முறியடித்ததாகக் காசாக்குடிச் செப்பேடு சொல்கிறது. 1780 செப்டம்பர் 10-ல் கர்னல் பெய்லியின் கம்பெனிப் படையை ஹைதர் அலியும் திப்புவும் வளைத்துப் பிடித்தார்கள். ஸ்ரீரங்கப்பட்டணம் தரியா தௌலத் மாளிகைச் சுவரில் அந்தச் சண்டையைப் பெரிய ஓவியமாகவே பார்க்கலாம். 1781 ஆகஸ்ட் 27-ல் ஜெனரல் அயர் கூட் வந்து மறுபடியும் மோதினார். அதில் இறந்துபோன ஆங்கில அதிகாரிகள் இருவருக்கான நினைவுத் தூண்கள் இங்கே இருக்கின்றன.

தூண் முன்னாடி போட்டோ எடுத்தாச்சா? இப்போ கொஞ்சம் திரும்பி வேலிகளைப் பாருங்க. நான் போன தெருவில் ரோஸ் கலரில் கொத்துக் கொத்தாகக் காகிதப்பூ. அதாங்க, போகன்வில்லா! இந்தச் செடிக்கும் அந்தத் தூணுக்கும் ஒரு கனெக்‌ஷன் உண்டு. பிரெஞ்சுக் கப்பல் தளபதி பூகன்வில் உலகத்தைச் சுற்றக் கிளம்பியபோது கூடப் போனவர் தாவரவியலாளர் கொமர்சன். 1767-ல் பிரேசிலின் ரியோ டி ஜெனிரோவில் இந்தச் செடி அவர் கண்ணில் பட்டது. தளபதியின் பெயரே செடிக்கும் ஒட்டிக்கொண்டது. புள்ளலூரில் கூட் மோதிய ஒன்பதே நாளில், 1781 செப்டம்பர் 5 அன்று, அதே பூகன்வில் அமெரிக்காவின் செசபீக் விரிகுடா அருகே ஆங்கிலேயக் கடற்படையோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்!

இந்தச் செடியின் தோட்ட ரகங்கள் பெரும்பாலும் விதை பிடிக்காது. குச்சியை வெட்டி, போத்தாக நட்டுத்தான் பெருக்கணும். அதனால ஒரே ரகத்துச் செடிகள் எல்லாமே ஒண்ணுக்கொண்ணு ஜெராக்ஸ் காப்பி!

அந்த காப்பி எடுக்கிற வேலையைத்தான் அந்தத் தெருவில் ஒரு அக்கா, கொல்லைப்புறத்தில் கறுப்பு கவர்களில் செய்துகொண்டிருந்தார். "போன வருஷம் நட்டதுல பாதிக்கு மேல அழுகிப்போச்சு தம்பி. பொண்ணோட காலேஜ் பஸ் ஃபீஸே இதுல இருந்துதான் கட்டணும். வேர் பவுடர்னு ஒண்ணு விக்கிறாங்களே, வாங்கலாமா?" என்று கேட்டார்.

மெக்கானிக்கல்காரனுக்கே புரிகிற மேட்டர்தான் இது. செடியின் நுனியில் ஆக்சின் என்ற ஹார்மோன் உருவாகி, கீழ்நோக்கி இறங்கும். குச்சியை வெட்டினால் வெட்டிய இடத்தில் அது தேங்கும். 'இங்கே வேர் விடு' என்று செல்களுக்கு அதுதான் சிக்னல். அந்தச் சிக்னலைக் கூட்ட 1930-களில் விஞ்ஞானிகள் கண்டுபிடித்த வழிதான் இண்டோல் பியூட்ரிக் அமிலம், சுருக்கமா ஐ.பி.ஏ. கடையில் விற்கும் வேர் பவுடர்கள் பலவற்றில் இருப்பது இதுதான். 1 லிட்டரில் 1 கிராம் கலந்தால் 1000 பி.பி.எம். காகிதப்பூ மாதிரி முரண்டு பிடிக்கிற குச்சிக்கு 2000, 3000 வரைக்கும் போவாங்க. அதுக்காக அள்ளிப் பூசினா அடி கறுத்து, குச்சியே காலி! முருங்கை, கிளுவைக்கு இதெல்லாம் தேவையே இல்லை; ஒடிச்சு நட்டாலே வரும்.

ஆனா அக்காவோட பிரச்னை வேறு. பவுடர் வேரைத் தூண்டும், அழுகலைத் தடுக்காது. அழுகலுக்குக் காரணம் தேங்கி நிற்கும் தண்ணி. அவரோட கவரில் இருந்ததோ வெறும் வயல் களிமண்! ராமநாதபுரம் பக்கம் தங்கச்சிமடத்தில் மல்லிப் போத்துகள் மணலில்தான் வேர் விட்டு, மதுரைத் தோட்டங்களுக்குப் போகின்றன. அதனால முதல் செலவு பவுடருக்கு இல்லை, மணலுக்கு!

நீங்களும் ஹாஸ்டல் மாடியில் ட்ரை பண்ணலாம். பென்சில் கனத்தில், ஒரு ஜாண் நீளக் குச்சி. கணுவுக்குக் கொஞ்சம் கீழே, சுத்தமான பிளேடால் சாய்வாக ஒரு வெட்டு. கீழ் இலைகளைக் கிள்ளிடுங்க. பவுடரைத் தனியா ஒரு பேப்பரில் கொட்டித் தொடணும். பாக்கெட்டுக்குள்ளேயே ஈரக் குச்சியை விட்டால் மிச்சப் பவுடரும் கெட்டுப்போகும். கையில் கிளவுஸ் மஸ்ட். நிழலில் வைத்து, மேலே பாலிதீன் கவரால் மூடுங்க. ஆறு, எட்டு வாரம் பொறுமை வேணும். நடுவில் பிடுங்கி வேர் பார்க்கிறது கூடவே கூடாது!

பவுடருக்குக் காசு போடலாமா என்று தெரிய, ஒரே தாய்ச் செடியில் வெட்டிய குச்சிகளில் பத்தைப் பவுடரோடும் பத்தைப் பவுடர் இல்லாமலும் நடச் சொன்னேன். மண்ணு, தண்ணி, நிழல் எல்லாம் ரெண்டுக்கும் ஒண்ணுதான். அக்கா உடனே கரித்துண்டால் தரையில் ஒரு கோடு கிழித்தார். "பவுடர் போட்டது இந்தப் பக்கம், போடாதது அந்தப் பக்கம். பார்த்துடலாம் தம்பி!"

புள்ளலூரின் நாலாவது போர் ஸ்டார்ட்!