எத்தனை அறுவடை?

சவ்வாது மலைமீது புதூர்நாடு, புங்கம்பட்டுநாடு, நெல்லிவாசல்நாடு என மூன்று நாடுகள் உள்ளன. மலையாளிப் பழங்குடி மக்கள் சாமை விதைத்தும் புளி உலுக்கியும் வாழும் ஊர்கள் அவை. நெல்லிவாசல்நாட்டுப் பெரியவர் ஒருவரிடம், புளியமரத்துக்குக் குத்தகை பேசுவது எவ்வாறு என்று ஒருமுறை கேட்டோம். பூவையும் பிஞ்சையும் அண்ணாந்து பார்த்தே பேசுவார்கள் என்றார். விலை மரத்துக்கன்று, காய்ப்புக்கே.

மரத்தில் இவ்வளவு தெளிவாக இருக்கும் நம் கணக்கு, நிலம் என்றதும் தடுமாறிவிடுகிறது. குத்தகை நிலத்தை வாங்க வருபவர், பக்கத்து நிலம் என்ன விலைக்குக் கிரயமாயிற்று என்றுதான் முதலில் விசாரிக்கிறார். அதில் சிறிது குறைந்தால் மலிவு என மகிழ்கிறார். எத்தனை ஆண்டு எஞ்சியிருக்கிறது என்ற கேள்வி பின்னுக்குப் போய்விடுகிறது. முதலில் காதில் விழுந்த எண், அதற்கும் பொருளுக்கும் தொடர்பே இல்லாதபோதும், நம் மதிப்பீட்டைத் தன்பால் இழுக்கும் என்பதை உளவியலாளர் டிவெர்ஸ்கியும் கானமனும் 1974இல் சோதனை வழியே காட்டினர். கைக்கு வந்த பொருளை அதன் விலைக்கு மேலாக மதிக்கும் இயல்பை 1980இல் தாலர் விளக்கினார். வேலி அடைத்து, கிணறு வெட்டியபின் குத்தகை நிலமும் சொந்த நிலமாகவே தோன்றுகிறது.

வட்டி ஆண்டுக்கு 5 விழுக்காடு, விளைச்சல் மாறாது என்று கொள்வோம். முழு உரிமையில் 100 ரூபாய் பெறும் நிலம், 60 ஆண்டு எஞ்சியிருந்தால் 95 ரூபாய் பெறும். 30 ஆண்டென்றால் 77. 10 ஆண்டென்றால் வெறும் 39. தொடக்கத்தில் மெல்லத் தேயும் மதிப்பு, இறுதியில் சரிந்து விழுகிறது. நம் மனமோ முதலில் கண்ட மெதுவையே நம்பியிருக்கிறது. சிங்கப்பூரின் கேலாங் மூன்றாம் லோரோங்கில் 191 வீடுகளின் 60 ஆண்டுக் குத்தகை 2020 டிசம்பர் 31இல் முடிந்தது. இழப்பீடின்றி நிலம் அரசுக்குத் திரும்பியது. பழைய வீடுகளையெல்லாம் அரசு திரும்ப எடுத்துக்கொள்ளும் என நம்பி அதிக விலை கொடுக்க வேண்டாமென்று, அந்நாட்டு அமைச்சராயிருந்த லாரன்ஸ் வோங் 2017இலேயே எச்சரித்திருந்தார்.

வாங்குபவர் ஏமாந்தால் பணம் போகும். கொடுப்பவர் ஏமாந்தால் சோறு போகும். மருத்துவச் செலவுக்கோ பிள்ளையின் படிப்புக்கோ நிலத்தைப் போக்கியத்துக்கு விடும் எளியவர், வட்டியில்லாக் கடன் கிடைத்ததென்று ஆறுதல் கொள்கிறார். ஆண்டுதோறும் பிறர் வீட்டுக்குப் போகும் விளைச்சலே அந்த வட்டி. கையில் எண்ணித் தந்த நோட்டுகள் கண்ணுக்குத் தெரிகின்றன. வரப்போகும் அறுவடைகள் தெரிவதில்லை. அவர் பார்க்காததை நாமும் பார்க்காததுபோல் இருந்துவிட்டால், அது வெறும் மனத்தின் தடுமாற்றமாக நின்றுவிடாது; அநீதியாகிவிடும்.

லேவியர் நூலின் 25ஆம் அதிகாரம் இதற்கு ஓர் அளவுகோல் தருகிறது. யூபிலி ஆண்டுக்கு எஞ்சிய ஆண்டுகள் மிகுந்தால் விலையைக் கூட்டு, குறைந்தால் குறை என்கிறது. விற்கப்படுவது அறுவடைகளின் எண்ணிக்கையே என்கிறது. ஒருவரையொருவர் ஏமாற்ற வேண்டாமென்றும் அங்கேயே கட்டளையிடுகிறது. நிலம் ஆண்டவருடையது, நாம் அதில் தங்கிச் செல்வோர் என்பதே அதற்கு அது கூறும் காரணம்.

2025ஐ யூபிலி ஆண்டாகத் திருச்சபை கொண்டாடியபோது திருப்பயணம் சென்றவர் நம்மில் பலர். அந்த யூபிலியின் வேர் வயலில் இருக்கிறது. ஆகவே குத்தகைப் பத்திரத்தில் கையெழுத்திடுமுன், இரு தரப்பாரும் ஒரே திண்ணையில் அமர்ந்து எஞ்சிய அறுவடைகளை விரல்விட்டு எண்ணட்டும். எண்ணத் தெரியாதவருக்காக, எண்ணத் தெரிந்தவர் உரக்க எண்ணட்டும்.