மஞ்சள் தொப்பியும் தாயின் மௌனமும்



டோக்கியோ மாநகரின் கிழக்குப் புறத்தில், அரகாவா ஆற்றைத் தாண்டியதும், நிஷி கசாய் என்றொரு ரயில் நிலையம் உண்டு. காலை எட்டு மணிக்குச் சற்று முன்னதாக அங்கே போய் நின்று பாருங்கள். ஒரு பக்கம், டோசாய் தடத்து ரயிலைப் பிடிக்கக் கணினிப் பொறியாளர்கள் விரைகிறார்கள். அவர்களில் பலர் நம் நாட்டவர். மறுபக்கம், முதல் வகுப்புப் பிள்ளைகள் மஞ்சள் தொப்பியும் முதுகை மறைக்கும் 'ரந்தோசெரு' பையுமாக, பெரியவர் எவருடைய கையையும் பிடிக்காமல், இருவர் மூவராகப் பள்ளிக்கு நடந்து போகிறார்கள். ஆறு வயதுப் பிள்ளை தனியே நடப்பது அந்த ஊரில் அதிசயமல்ல.

தகப்பன் ஒரு திசையில் போனார். பிள்ளை மறு திசையில் போனது. அவ்விருவரையும் வழியனுப்பிவிட்டு, நான்காவது மாடி வீட்டில், கைக்குழந்தையோடு ஒரு தாய் கதவைச் சாத்திவிட்டு நிற்கிறாள். வேலைக்காக வெளிநாடு செல்லும் குடும்பங்களைப் பற்றிப் பேசும்போது நாம் சம்பளத்தைக் கேட்கிறோம், பள்ளியைக் கேட்கிறோம். அந்தக் கதவுக்குப் பின்னால் நிற்பவளைக் கேட்பதில்லை. ஜப்பானுக்குப் போகும் வாய்ப்பு உங்கள் வீட்டுக்கு வந்திருந்தால், அல்லது உங்கள் மகனோ மகளோ அங்கே இருந்தால், அவளை மனதில் வைத்துக்கொண்டு இதை வாசியுங்கள்.

நிஷி கசாயில் இந்தியர் குடியேறியதற்குக் காரணம் உண்டு. 2000ஆம் ஆண்டு பிறக்கும்போது கணினிகள் தேதியைத் தவறாகக் கணக்கிட்டுவிடும் என்ற அச்சம் உலகெங்கும் எழுந்தது. அதைச் சரிசெய்ய இந்தியப் பொறியாளர்கள் ஜப்பானுக்கு அழைக்கப்பட்டார்கள். வங்கிகளும் பெரிய அலுவலகங்களும் நிறைந்த ஓட்டேமாச்சிக்கு இந்நிலையத்திலிருந்து ரயில் மாறாமல் இருபது நிமிடத்துக்குள் போய்விடலாம். அங்கே முன்னரே குடியிருந்த கொல்கத்தாவின் தேயிலை வணிகர் ஜக்மோகன் சந்திரானி, வீடு கிடைக்காமல் தவித்த புதியவர்களுக்குத் துணை நின்றார். 2004இலும் 2006இலும் டோக்கியோவில் இரண்டு இந்தியப் பள்ளிகள் தொடங்கப்பட்டன. 2024ஆம் ஆண்டில் ஜப்பான் முழுவதும் வாழும் இந்தியரின் எண்ணிக்கை ஐம்பதாயிரத்தைத் தாண்டிவிட்டது.

முதலில் வீட்டைப் பற்றிச் சொல்லுகிறேன். தனியார் வீட்டுக்காரர் பலர் ஜாமீன்தாரர் ஒருவரைக் கேட்பார்கள். 'ரெய்கின்' என்று ஒரு தொகையும் கேட்பார்கள். அது நன்றிக் காணிக்கை, திரும்பி வராது. யு.ஆர். எனப்படும் பொதுத்துறைக் குடியிருப்புகளில் ஜாமீன்தாரரும் வேண்டாம், ரெய்கினும் வேண்டாம், தரகும் இல்லை. முன்பணம் மட்டும் கட்டவேண்டும். நம்மவர்கள் இந்த அடுக்குமாடிகளைத் தேடிச் சென்றதன் காரணம் இதுவே.

விமான நிலையத்தில் உங்கள் கையில் தரப்படும் வசிப்பு அட்டையை எடுத்துக்கொண்டு, வீடு புகுந்த 14 நாட்களுக்குள் வார்டு அலுவலகத்தில் முகவரியைப் பதிவு செய்யவேண்டும். இதைத் தள்ளிப்போடாதிருங்கள்; மருத்துவக் காப்பீடு, பிள்ளையின் தடுப்பூசி அறிவிப்பு, பள்ளிச் சேர்க்கை யாவும் அந்தப் பதிவைத் தொடர்ந்தே வருகின்றன. காப்பீடு உள்ள பெரியவர்கள் மருத்துவச் செலவில் நூற்றுக்கு முப்பது பங்கைத் தாங்களே கட்டுகிறார்கள். டோக்கியோவின் 23 வார்டுகளிலோ, 2023 ஏப்ரல் முதல், பதினெட்டு வயது வரையுள்ள பிள்ளைகளுக்கு அந்தப் பங்கையும் வார்டு நிர்வாகமே ஏற்றுக்கொள்கிறது. ஊரில் போட்ட தடுப்பூசிகளின் அட்டையைப் பெட்டிக்குள் போடாமல் கைப்பையிலேயே கொண்டு போங்கள். அங்கே கர்ப்பவதியானவளுக்குத் தாய்-சேய் கையேடு ஒன்று கொடுப்பார்கள். அடிவயிற்றில் குழந்தை இருக்கும் நாள் தொடங்கி அது பள்ளிக்குப் போகும் வயது வரை எல்லாம் அதில் எழுதப்படும். ஜப்பானிய மொழியோடு ஆங்கிலமும் சேர்ந்த பதிப்பு உண்டு, கேட்டு வாங்குங்கள்.

பதிவுகள் முடிந்தபின் அயலாரின் காரியம் தொடங்குகிறது. குடிபுகுந்த வாரமே இரு பக்கத்து வீடுகளிலும், மேல் மாடியிலும், கீழ் மாடியிலும் போய் வணக்கம் சொல்லுவது அங்கே பழைய மரியாதை. கையில் ஒரு சிறு துவாலையோ இனிப்புப் பொட்டலமோ போதும். கீழ் வீட்டுக்கு மட்டும் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு போங்கள். ஏனென்றால் உங்கள் பிள்ளைகள் ஓடுவார்கள். அந்தச் சத்தம் அவர்கள் தலைக்கு மேலே கேட்கும். முகம் தெரிந்த பிள்ளையின் காலடிச் சத்தத்தை மனிதர் பொறுத்துக்கொள்வார்கள். முகம் தெரியாத பிள்ளையின் சத்தம் புகாராக மாறும். எனினும் தடித்த விரிப்பு ஒன்றைத் தரையில் போட்டுவிடுங்கள்.

அடுத்து, குப்பை. சிரிக்கவேண்டாம், புதிய குடும்பத்தைத் தெருவில் உள்ளவர்கள் முதலில் அறிந்துகொள்வது குப்பையால்தான். எரியும் குப்பை ஒரு நாள், எரியாதது ஒரு நாள், பாட்டிலும் காகிதமும் வேறொரு நாள். காலை எட்டு மணிக்குள் உரிய இடத்தில் வைத்து, காகம் கிளறாதபடி வலையால் மூடவேண்டும். பழைய நாற்காலியைப் போடவேண்டுமானால் முன்பதிவு செய்து, கட்டணச் சீட்டு வாங்கி அதன்மேல் ஒட்டவேண்டும். அந்த அட்டவணையைப் படித்துப் புரிந்துகொள்ளுகிற தாய், அந்தத் தெருவின் மொழியில் முதல் பாடத்தைக் கற்றுவிட்டாள் என்று எண்ணிக்கொள்ளலாம்.

இனி பள்ளி. பெற்றோர் இரவு தூங்காமல் யோசிப்பது இதைத்தான். இந்தியப் பள்ளியில் சேர்த்தால் ஆங்கிலத்தில் படிப்பு, ஊர் திரும்பினாலும் தடையில்லாமல் தொடரலாம், கட்டணம் அதிகம். வார்டு அரசுப் பள்ளியில் கல்விக் கட்டணம் இல்லை, பாடநூல்கள் இலவசம். ஆனால் அயல்நாட்டுப் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பவேண்டும் என்று அந்நாட்டுச் சட்டம் கட்டாயப்படுத்துவதில்லை. பெற்றோரே போய் விண்ணப்பிக்கவேண்டும். 2019இல் அந்நாட்டுக் கல்வி அமைச்சகம் எடுத்த கணக்கில், பள்ளியில் இல்லாத அல்லது பள்ளிக்குப் போகிறார்களா என்று உறுதிசெய்ய முடியாத அயல்நாட்டுப் பிள்ளைகள் ஏறக்குறைய இருபதாயிரம் பேர் என்று தெரியவந்தது. "யாராவது வந்து அழைப்பார்கள்" என்று காத்திராதேயுங்கள்.

அரசுப் பள்ளியில் பிள்ளை நல்ல பழக்கங்கள் பலவற்றைக் கற்கும். வாசலில் காலணியைக் கழற்றி உள்காலணி அணியும். வெள்ளை அங்கி போட்டுக்கொண்டு மற்றப் பிள்ளைகளுக்கு மதிய உணவு பரிமாறும். வகுப்பறையைத் தானே பெருக்கித் துடைக்கும். தொடக்கப் பள்ளியின் ஆறு வருடங்களில் 1,026 சீன எழுத்துக்களைக் கற்கும். உங்கள் எதிர்பார்ப்பு மூன்று வருடத்தில் திரும்புவதானால் ஒரு முடிவு. பத்து வருடம் இருப்பதானால் வேறு முடிவு. எத்தனை வருடம் என்பதைக் கணவனும் மனைவியும் உட்கார்ந்து பேசாமல் பள்ளியைத் தெரிந்தெடுக்காதிருங்கள்.

பிரியமானவர்களே, இங்கேதான் நான் சொல்ல விரும்பிய காரியத்துக்கு வருகிறேன். அரசுப் பள்ளிக்குப் போகும் பிள்ளை, முதல் சில மாதங்கள் வாய் திறவாமல் உட்கார்ந்திருக்கும். பின்பு ஒருநாள் விளையாட்டுத் திடலில் மற்றப் பிள்ளைகளைப்போலவே கத்தி விளையாடும். தகப்பனோ அலுவலகத்தில் ஆங்கிலத்தால் காலம் தள்ளிவிடுவார். தாய்க்கு இரண்டும் இல்லை. ஊரிலே எதிர்வீட்டு அக்கா இருந்தார்கள், கீரைக்காரம்மா இருந்தார்கள், தினம் பத்துப் பேரோடு அவள் பேசினாள். இங்கே மின்தூக்கியில் எல்லோரும் தலை வணங்குகிறார்கள், மரியாதையில் குறைவில்லை, ஆனால் பேச்சு இல்லை.

பள்ளியிலிருந்து தினமும் தாள்கள் வருகின்றன. அவற்றை மகள் வாசித்துச் சொல்லுகிறாள். கடையில் மகள் பேசுகிறாள். எரிவாயு நிறுவனத்தார் வந்தால் மகள் பேசுகிறாள். "என் பிள்ளை ஜப்பானியரைப்போலவே பேசுகிறாள்" என்று பெற்றோர் பெருமைப்படுகிறார்கள். ஒரு நாள் ஆசிரியை கண்டித்து எழுதிய தாள் வருகிறது. "ஒன்றுமில்லை அம்மா" என்று மகள் மடித்து வைத்துவிடுகிறாள். அந்த நாளில் வீட்டின் பொறுப்பு கைமாறிப்போனது; யாரும் கவனிக்கவில்லை.

இன்னொரு நாளையும் நினைத்துப் பாருங்கள். தாய்க்கு வயிற்றில் வலி. மருத்துவமனையில் படம் எடுத்து, மருத்துவர் அதைக் காட்டி நிதானமாக விளக்குகிறார். நடுவில் எட்டு வயது மகள் அமர்ந்திருக்கிறாள். கட்டி என்பதற்குரிய சொல் அவளுக்கு அந்த மொழியிலும் புதிது, தமிழிலும் புதிது. புரிந்துவிட்டால் அதைவிடத் துன்பம். தன் தாயிடம் அந்தச் செய்தியைச் சொல்லவேண்டியவள் அவள்தான். எட்டு வயதுத் தோளில் வைக்கத்தக்க பாரமா அது? பிள்ளை மொழி கற்பது நன்மையே. பிள்ளையை வீட்டுக்கு மொழிபெயர்ப்பாளராக வைப்பது நன்மையல்ல.

ஆகவே தகப்பன்மாரே, முதல் வருடத்தில் உங்கள் மனைவி அந்த மொழியைக் கற்க நேரம் ஒதுக்கிக் கொடுங்கள். வார்டுகளில் தன்னார்வலர்கள் நடத்தும் ஜப்பானிய வகுப்புகள் உண்டு. கட்டணம் மிகவும் குறைவு. சனிக்கிழமை காலை குழந்தைகளை நீங்கள் வைத்துக்கொண்டு அவளை அனுப்புங்கள். தமிழ் அறிந்தவளுக்கு அந்த மொழி நினைப்பதுபோல அவ்வளவு அந்நியமல்ல. நம்முடையதைப்போலவே வினைச்சொல் வாக்கியத்தின் முடிவில் வருகிறது. வேற்றுமை உருபுகளைப்போன்ற சிறு சொற்கள் பெயரைத் தொடர்ந்து நிற்கின்றன. 'ஹிரகானா' என்னும் அடிப்படை எழுத்துக்கள் 46. அவற்றின் வரிசை அ, இ, உ, எ, ஒ என்று தொடங்கி, க, ச, த, ந என்று செல்லுகிறது. இந்திய எழுத்துமுறை பௌத்த நூல்களோடு அங்கே சென்றதன் அடையாளம் அது. நம் வீட்டு அரிச்சுவடியின் நிழலை அங்கே காணும்போது ஒரு தாய்க்குத் தைரியம் வரும்.

கைக்குழந்தை உள்ளவர்கள் 'ஜிதோகான்' என்னும் சிறுவர் மன்றங்களுக்குப் போகலாம். அங்கே தாய்மார் குழந்தைகளோடு வந்து உட்காருகிறார்கள். தவழும் இரண்டு குழந்தைகள் ஒரே பொம்மையைப் பிடித்தால் இரு தாய்மாரும் எப்படியும் பேசியே ஆகவேண்டும். கணவரைச் சார்ந்த விசாவில் வந்தவர்கள் தனி அனுமதி பெற்று வாரத்துக்கு 28 மணி நேரம் வரை வேலையும் செய்யலாம். மருத்துவமனைக்கு மொழி தெரிந்த பெரியவர் ஒருவரோடு போங்கள். டோக்கியோ மாநகர நிர்வாகத்தின் 'ஹிமவாரி' என்னும் மருத்துவத் தகவல் சேவை ஆங்கிலத்திலும் பதில் தருகிறது. அவசர ஊர்திக்கு 119, காவல்துறைக்கு 110; இவ்விரண்டையும் சுவரில் எழுதி ஒட்டுங்கள்.

இதற்கெல்லாம் இன்னொரு காரணமும் உண்டு. நிஷி கசாய் அமைந்துள்ள எடோகாவா வார்டின் நிலத்தில் நூற்றுக்கு எழுபது பங்கு, கடலின் உயர் அலை மட்டத்துக்குக் கீழே கிடக்கிறது. 2019 மே மாதம் அந்த வார்டு வெளியிட்ட வெள்ள அபாய வரைபடம், பெருவெள்ளம் வருமானால் வார்டை விட்டே வெளியேறுங்கள் என்று குடிமக்களுக்கு ஒளிவுமறைவின்றிச் சொன்னது. அவ்வருடம் அக்டோபரில் பெரும்புயல் வந்தபோது இலட்சக்கணக்கானோருக்கு வெளியேறும் அறிவிப்பு கொடுக்கப்பட்டது. நிலநடுக்கமோ சொல்லி வருவதில்லை. தகப்பன் ஆற்றுக்கு அப்பால் அலுவலகத்தில் இருப்பார். ரயில் நின்றுபோகும், 2011 மார்ச் 11 அன்று டோக்கியோவில் அப்படித்தான் நின்றது, திரளானவர்கள் இரவெல்லாம் நடந்து வீடு சேர்ந்தார்கள். அந்த வேளையில் ஒலிபெருக்கி சொல்வதைப் புரிந்துகொள்ள வேண்டியவள் வீட்டிலிருக்கும் தாய். அவள் கதவைத் தட்ட வேண்டியவர், நீங்கள் துவாலை கொடுத்து வணக்கம் சொன்ன அந்தப் பக்கத்து வீட்டுக்காரர்.

அந்த ஒலிபெருக்கிகளிலிருந்து மாலைதோறும் ஒரு மெல்லிய இசை எழும். ஆபத்துக்கால அறிவிப்புக் கருவி பழுதில்லாமல் இருக்கிறதா என்று பார்ப்பதற்காகவே அது ஒலிக்கிறது. பிள்ளைகளுக்கோ அது வீடு திரும்பும் மணி. டோக்கியோவில் மாலை ஐந்து என்றால் நம் ஊரில் பகல் ஒன்றரை. பாட்டி சாப்பிட்டு முடித்துக் கையைத் துடைத்துக்கொண்டு உட்காரும் நேரம். அந்நேரத்தில் தினமும் ஒரு தொலைபேசி அழைப்பு இருக்கட்டும். பிள்ளை அன்று பள்ளியில் நடந்ததைப் பாட்டிக்குத் தமிழிலே சொல்லட்டும். சொல் தடுமாறினால் தாய் எடுத்துக் கொடுக்கட்டும்.

பிள்ளைக்குத் தெரிந்த மொழியைத் தாயும் கற்று, தாய்க்குத் தெரிந்த மொழியைப் பிள்ளையும் காத்துக்கொள்ளும்போது, அந்த நான்காவது மாடி வீடு குடும்பமாகிறது. மறுநாள் காலையில் மஞ்சள் தொப்பி தெருமுனை திரும்பியபின், அந்தத் தாய் கதவைச் சாத்திவிட்டு உள்ளே நிற்கமாட்டாள். கையில் குறிப்பேட்டை எடுத்துக்கொண்டு அவளும் படியிறங்குவாள்.