சோழவரம், ஹெரால்ட், ஒரு ட்ரையல் பேலன்ஸ்

சோழவரம் என்றால் எல்லோருக்கும் ஏரிதான் ஞாபகம் வரும். சென்னைக்குக் குடிதண்ணீர் எத்தனை நாளைக்கு வரும் என்று டிவியில் கணக்கு சொல்வார்களே, அதே ஏரி. ஆனால் ரெட்ஹில்ஸ் தாண்டி கும்மிடிப்பூண்டி போகும் ஜி.என்.டி. ரோட்டில் இருக்கும் இந்த ஊருக்கு வேறொரு கதையும் உண்டு. இரண்டாம் உலகப்போர் காலத்து விமான ஓடுதளம் ஒன்று இங்கே இருந்தது. விமானங்கள் போன பிறகு கார்கள் வந்தன. 1953-ல் தொடங்கிய மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் பல வருடங்கள் இங்கேதான் ரேஸ் நடத்தியது. 1990-ல் இருங்காட்டுக்கோட்டை டிராக் வந்த பிறகு சோழவரம் ஓய்ந்துவிட்டது.

விஜய் மல்லையா இங்கே ஃபார்முலா ஒன் கார் ஓட்டியதைத்தான் பலரும் பேசுவார்கள். ஆனால் கூட ஓடியவை அம்பாசடர், ஃபியட், ஸ்டாண்டர்ட் ஹெரால்ட். வெளிநாட்டுக் கார் லேசில் கிடைக்காத காலம். அமெரிக்காவில் பழைய ஃபோர்டை வெட்டி ஒட்டி 'ஹாட் ராட்' செய்தார்கள் என்றால், இங்கே வீட்டு வண்டியையே பிரித்துப் போட்டு வேகம் தேடினார்கள்.

ஓடுதளத்தில் நேராகப் பறப்பது சுலபம். முடிவில் வளைவு வரும்போதுதான் இருக்கிறது விஷயம். அங்கே பேசுவது இன்ஜின் இல்லை... முன்சக்கரம்.

அந்த வகையில் ஹெரால்ட் ஒரு அதிசயம். 1959-ல் இங்கிலாந்தில் வந்தது. 1961-லிருந்து சென்னைக்குப் பக்கத்தில் வண்டலூரில் ஸ்டாண்டர்ட் மோட்டார் ப்ராடக்ட்ஸ் கம்பெனி தயாரித்தது. பானட்டும் மட்கார்டும் ஒரே துண்டாக முன்பக்கம் கவிழும். மெக்கானிக் டயர் மேலேயே உட்கார்ந்து வேலை பார்க்கலாம் :-) முன்னால் இரட்டை விஷ்போன், காயில் ஸ்பிரிங், ரேக் அண்ட் பினியன் ஸ்டியரிங். 25 அடி வட்டத்துக்குள் வண்டி திரும்பிவிடும். 1962-ல் வந்த லோட்டஸ் எலான் ஸ்போர்ட்ஸ் காரே இந்தக் குடும்பத்தின் முன்சக்கர உறுப்புகளைக் கடன் வாங்கியது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

சரி, இன்று ஒருவர் பழைய ஹெரால்டை வாங்கி முன்பக்கத்தை செட் பண்ண வேண்டும். எங்கே ஆரம்பிப்பது? நேராக வீல் அலைன்மெண்ட் கடைக்கு ஓடக்கூடாது. முதலில் ஜாக்கி போட்டுத் தூக்கி, சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்ட வேண்டும். ப்ளே இருந்தால் பேரிங்கோ, பால் ஜாயிண்டோ, கீழே இருக்கும் ட்ரன்னியனோ தேய்ந்திருக்கிறது. இடமும் வலமும் பிடித்து ஆட்டினால் டை ராட் எண்ட் லட்சணம் தெரியும். தேய்ந்ததை மாற்றாமல் அளவு எடுப்பது வீண் வேலை.

அடுத்து சமதரையில் நிறுத்தி, டயர் காற்றைச் சமமாக வைத்து அளக்க வேண்டும். சக்கரம் உள்பக்கமோ வெளிப்பக்கமோ சாய்ந்திருப்பது கேம்பர். சைக்கிளின் முன் ஃபோர்க் சாய்ந்திருக்கிறதே, அந்தச் சாய்வு காஸ்டர். கையை எடுத்தாலும் ஸ்டியரிங் தானாக நேரே வருவது இதனால்தான். கீழ் விஷ்போனை சேஸியோடு பிடிக்கும் இடத்தில் மெல்லிய தகடுகளைக் கூட்டிக் குறைத்து கேம்பரைச் சரிசெய்யலாம். கடைசியில்தான் டோ-இன், அதாவது இரண்டு சக்கரமும் முன்னால் லேசாக நெருங்கி நிற்கும் அளவு. கேம்பரை மாற்றினால் டோவும் மாறும். அதனால் இந்த வரிசையைப் புரட்டினால் செய்த வேலையை மறுபடி செய்ய வேண்டும்.

பலர் சறுக்குவது வேறு இடத்தில். வண்டி தாழ்வாக இருந்தால் அழகு என்று ஸ்பிரிங்கை வெட்டி இறக்குவார்கள், அல்லது வேறு காரின் ஸ்டியரிங் ரேக்கைக் கொண்டுவந்து கிடைத்த உயரத்தில் வெல்டு வைப்பார்கள். சக்கரம் மேடு பள்ளத்தில் ஏறி இறங்கும்போது விஷ்போன் ஒரு வில் போடும், டை ராட் இன்னொரு வில் போடும். இரண்டும் ஒத்துப்போகாவிட்டால் ஓட்டுபவர் திருப்பாமலே சக்கரம் திரும்பும். நின்றபடி அளந்தால் எல்லாம் சரி. அறுபதில் ஒரு பள்ளம் வரும்போது உண்மை தெரியும்.

காமர்ஸ் படிப்பவர்களுக்கு இது புதிதல்ல. ட்ரையல் பேலன்ஸ் டேலி ஆகிவிட்டது என்பதால் கணக்கு சரி என்று அர்த்தமில்லை. ஒரு தப்பை இன்னொரு தப்பு ஈடுகட்டியிருக்கலாம். வளைந்த விஷ்போனை நாலு தகடு போட்டு மறைத்தால் மெஷினில் நம்பர் பிரமாதமாக வரும். விஷ்போன் வளைந்தது வளைந்ததுதான்.

ஹெரால்டில் இப்படி ஒளிந்திருக்கும் பெரிய பாக்கி அந்த ட்ரன்னியன். சக்கரத்தைத் தாங்கும் இரும்புத் தண்டின் அடியில் மரை உண்டு. ஸ்டியரிங் திருப்பும் ஒவ்வொரு முறையும் அது ட்ரன்னியனுக்குள் திருகாணி போல ஏறி இறங்கும். இடது பக்க மரையும் வலது பக்க மரையும் எதிரெதிர். அதற்குப் போட வேண்டியது கிரீஸ் இல்லை, 90 நம்பர் கியர் ஆயில். கிரீஸ் கெட்டிப்பட்டு அடி வரை போகாது. உள்ளே தண்ணீர் தங்கும், துரு பிடிக்கும், ஒருநாள் தண்டு மரையிலேயே முறியும். சக்கரம் மடங்கிப் படுத்துவிடும். எந்த அலைன்மெண்ட் ரிப்போர்ட்டிலும் இது வராது. இத்தனைக்கும் தேவை சில நிமிடமும் கொஞ்சம் ஆயிலும்தான்.

சட்டமும் இதில் ஒரு பக்கம் எடுத்திருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவின்படி தயாரிப்பாளர் குறித்த அமைப்புக்கு மாறாக வண்டியை மாற்றக்கூடாது என்று 2019-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2021-ல் வந்த விதிகளின்படி 50 வருடம் தாண்டிய வண்டிக்கு 'விண்டேஜ்' பதிவு உண்டு. ஆனால் சேஸி, பாடி, இன்ஜினில் பெரிய மாற்றம் இருக்கக்கூடாது. வெட்டி ஒட்டிய வண்டியின் இடம் டிராக்தான்.

அதனால் ரோட்டில் ஓட்டப்போகும் ஹெரால்டுக்காரர் கம்பெனி கொடுத்ததை அப்படியே காப்பாற்றினால் போதும். வாங்கியதும் பெயிண்ட் கடையைத் தேட வேண்டாம். முதல் செலவாக அந்த இரண்டு ட்ரன்னியனையும் கழற்றி மரையைப் பார்த்துவிடுவது நல்லது.